பழவேற்காட்டில் ஒரு தேதி

'ஞாயித்துக்கெழமை பழவேற்காடு போறேன்' என்று வீட்டில் சொன்னதும் இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, 'எறா அங்கே என்ன விலை?' இரண்டு, 'எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க?'

முதல் கேள்விக்கு, 'தெரியாது' என்று உண்மையைச் சொன்னேன். இரண்டாவதற்கு, 'சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் டாண்ணு வந்துடுவேன்' என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. என் மனைவிக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். அது ஒரு குடும்ப மரியாதை!

என்னோடு வந்த ஆசாமி ஒரு விங் கமாண்டர். பேர் வேண்டாம், இன்னும் சர்வீஸில் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். ப்ளஸ் டூ முடிந்ததும் நான் பி.காம். சேர்ந்து டெபிட், கிரெடிட் என்று உட்கார்ந்துவிட, அவன் கடக்வாஸ்லா ராணுவ அகாடமிக்குப் போய், அப்படியே விமானப்படையில் சேர்ந்து, சரக்கு விமானம் ஓட்டிக் கொண்டிருக்கிறான். லீவில் வந்தவன், 'எங்கேயாவது தண்ணி பக்கமாப் போய் உக்காரணும்டா, ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு' என்றான். மெரினாவில் உட்கார்ந்தால் முடிவு எடுக்க விடமாட்டார்கள், சுண்டல் வாங்கச் சொல்வார்கள். அதனால் பழவேற்காடு.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினோம். மீஞ்சூர் தாண்டியதும் அவன் பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தான். ஒரு விமான கம்பெனிக்கு விண்ணப்பம். பேர், வயசு, எத்தனை மணி நேரம் பறந்தது, கண்ணாடி உண்டா எல்லாவற்றையும் அழகாகப் பூர்த்தி செய்திருந்தான். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி.

'எந்தத் தேதியிலிருந்து வேலையில் சேர முடியும்?'

'இதுல என்னடா யோசனை? முடியற தேதியைப் போடு' என்றேன்.

'அதான் பிரச்னையே' என்றான்.

நம்மைப் போல ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் ராஜினாமா என்றால் ஒரு காகிதம், ஒரு மாச நோட்டீஸ், கடைசி நாள் ஒரு கேக் என்று முடித்துக் கொள்கிறோம். விமானப்படை அதிகாரி அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு நடந்துவிட முடியாது. 'முன்கூட்டியே விடுவியுங்கள்' என்று மனுப் போட வேண்டும். அது மேலே மேலே போய், உத்தரவு வந்தால்தான் வெளியே வரலாம். எப்போது வரும் என்பது மனுப் போட்டவர் கையில் இல்லை. இதில் இன்னொரு முடிச்சு: அதிகாரிகளுக்குப் பென்ஷன் வேண்டுமானால் இருபது வருஷ சர்வீஸ் முடித்திருக்க வேண்டும். நம்ம ஆளுக்கு ஜூனில்தான் முடிகிறது. அதற்குப் பிறகு உத்தரவு, கணக்கு தீர்ப்பது எல்லாம் சேர்த்தால் ஆகஸ்ட் ஆகிவிடும்.

'கம்பெனிக்கு எப்ப ஆள் வேணும்?'

'ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஒரு பாட்ச் ட்ரெயினிங் ஆரம்பம். என் கோர்ஸ்மேட்லாம் சொல்றாங்க, ஏப்ரல்னே போட்டுடு, செலெக்ட் ஆனதுக்கப்புறம் ஆர்டர் லேட்டாகுதுன்னு சொல்லிக்கலாம்னு.'

'பேஷ்! ஏப்ரல் ஒண்ணுக்குப் பொருத்தமான பதில்தான். போட்டுடு! உலகமே அப்படித்தான் நடக்குது. டெய்லர் தீபாவளிக்குத் தர்றேங்கிறார், பொங்கலுக்குத் தர்றார். நாம கோர்ட்டுக்கா போறோம்?' என்றேன்.

சிரித்தான். ஆனால் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக் கொண்டான்.

* * *

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. சென்னையிலிருந்து மொத்தமே அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் இறங்கினால் வேறு தேசம். காற்றில் உப்பும் கருவாடும். ரோட்டோரம் பிளாஸ்டிக் ஷீட்டில் களி நண்டு, காலைக் கட்டிப் போட்டும் முறைத்துக் கொண்டிருந்தது.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இந்தக் கடற்கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும்தான். ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறை பராமரிப்பில் பத்திரமாக இருக்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வரவேற்பாம்! உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள். பேர், ஊர், பரம்பரைச் சின்னம், இறந்த தேதி எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு அப்புறமும் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது.

'பார்த்தியா' என்றேன், 'இங்க இருக்கறவங்களுக்கு மட்டும்தான் ரிலீவிங் டேட் கல்லுல வெட்டியிருக்கு. ஒருத்தர் கூட எக்ஸ்டென்ஷன் கேக்கலை.'

விங் கமாண்டர் அதற்குச் சிரிக்கவில்லை. அவன் மனசு அந்தக் காலிக் கட்டத்திலேயே இருந்தது.

கல்லறையை விட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம்மிடம். தூரத்தில் பூநாரைக் கூட்டம், யாரோ ரோஸ் கலர் துணியைத் துவைத்துக் காயப் போட்ட மாதிரி. சுற்றிப் பார்க்கப் படகு கிடைக்குமா என்று விசாரித்தோம். 'அதெல்லாம் இல்ல சார்' என்று தலையாட்டிவிட்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்து போனார்கள். அந்த நாளை ஊர் மறக்கவில்லை.

ஆகவே கரையிலேயே, வலை பிரித்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். எறா விலை விசாரிப்பதாகத்தான் ஆரம்பித்தேன். பேச்சு 'பாடு' பக்கம் திரும்பியது.

* * *

பாடு என்றால் என்ன என்று பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரி பெரிதுதான், ஆனால் எறா நிறைய அகப்படும் இடங்கள் கொஞ்சம். குஞ்சு எறா கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. வளர்ந்ததும் தண்ணீர் வடியும்போது அதோடு சேர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். அந்த ஓட்டத்தின் வழியில் கழி நட்டு வலை கட்டினால் நல்ல வரும்படி. எல்லோரும் அதே இடத்தில் கட்டினால் வரும்படி எறா இல்லை, மண்டை உடைதல்தான்!

அதற்குத்தான் நடூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு: முறை போட்டுக் கொள்வது. இன்று இந்த இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. அதுதான் பாடு. இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதே மாதிரி சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக் கொள்கிறார்கள். ராமராஜ்யம் என்று சொல்ல மாட்டேன். பாட்டில் பேர் இல்லாதவர்களுக்கு அந்த இடங்களில் வலை கட்ட உரிமை இல்லை. அதை வைத்துச் சண்டை சச்சரவெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் பேர் இருக்கிறவர்களுக்குத் தன் நாள் எது, பக்கத்து வீட்டுக்காரன் நாள் எது என்பதில் சந்தேகமே கிடையாது.

'உங்க மொறை வர்ற அன்னிக்கு வலை கிழிஞ்சு கெடக்குது, இல்ல கூட வர்ற ஆளுக்கு ஜுரம். அப்ப என்ன பண்ணுவீங்க பெரியவரே?' என்று கேட்டேன்.

'வரலேன்னு சொல்லிடணும்.'

'சொல்லாம, கடைசி நிமிஷத்துல சமாளிச்சுக்கலாம்னு இருந்துட்டா?'

பெரியவர் வலையைக் கீழே வைத்தார். பட்டணத்து ஆட்களைப் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தார்.

'தம்பி, நீ வர்றியான்னு எறா காத்துனு இருக்குமா? தண்ணி எறங்குச்சுன்னா அதும்பாட்டுக்குக் கடலுக்குப் பூடும். உனுக்கும் இல்ல, உன் பின்னாடி நிக்கறவனுக்கும் இல்ல. நீ நேத்தே சொல்லியிருந்தா அவனாச்சும் கட்டியிருப்பான்ல? வலை கிழியறது தப்பா? எல்லாருக்குந்தான் கிழியுது. கிழிஞ்சத மூடி வெச்சு எடத்தப் புடிச்சுனு இருக்கறதுதான் தப்பு.'

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி வலையை எடுத்துக் கொண்டார். விங் கமாண்டர் எழுந்து தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு வேறு ஒரு நாற்காலி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இப்போது கட்டுரை எழுதிப் பிழைக்கும் அடியேன், அதற்கு முன்னால் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். ஜனவரியில் இன்டர்வியூ. 'எப்ப சேர முடியும்?' என்றார்கள். பழைய இடத்தில் இரண்டு மாச நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களோ என்று பயம். 'பதினஞ்சு நாள்ல சார்!' என்று கம்பீரமாகச் சொன்னேன். வேலை கிடைத்தது. அப்புறம் ஒரு வாரம் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. (அவர் அப்போது திருப்பதி மலையை நடந்தே ஏறிக் கொண்டிருந்தார்!) அடுத்த வாரம் ரிலீவிங் லெட்டர் டைப் ஆகவில்லை. இப்படியே ஓட்டி, மார்ச் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமர்த்தியசாலி என்று என்னையே தட்டிக் கொடுத்துக் கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, டீ குடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் வருவேன் வருவேன் என்று அந்த இரண்டு மாசமும் என் மேஜை வேலையையும் அவரே பார்த்திருக்கிறார். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். அவருக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருக்கிறது, ஊரில். பதினைந்து நாள் லீவு கேட்டவருக்கு இரண்டு நாள்தான் கிடைத்ததாம். 'நீங்க அன்னிக்கே மார்ச் கடைசின்னு சொல்லியிருந்தா ஒரு டெம்பரரி ஆளைப் போட்டிருப்பாங்க சார்' என்றார். கோபமே இல்லை. டீக்குக் காசும் அவரே கொடுத்தார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்தச் சமாசாரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ரயிலில் 'ஏப்ரல்னு போட்டுடு' என்று சொன்னபோது கூட எனக்கு இது ஞாபகம் வரவில்லை பாருங்கள். கிழிந்ததை அவ்வளவு நன்றாக மூடி வைத்திருக்கிறேன்!

* * *

பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் நடந்தோம். நண்பனிடம் டீக்கடைக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். பிறகு சண்டைக்கு வந்தான்.

'சரி, நான் அரிச்சந்திரனா இருக்கேன். அவங்க இருக்காங்களா? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல நின்னு போச்சு. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ல நின்னுது. அங்கே வேலையில இருந்த பைலட்டுக்கெல்லாம் யார் முன்கூட்டியே தேதி சொன்னாங்க?'

நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2023-ல் ஆகாசா ஏர் கம்பெனியில் 43 பைலட்கள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே கிளம்பிவிட்டார்கள் என்று டெல்லி ஹைகோர்ட் வரை விவகாரம் போனது. நாளாவட்டத்தில் பல விமானங்கள் ரத்து. யாருக்கோ கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, யாருக்கோ ஆஸ்பத்திரிக்கு. இதற்குப் பயந்துதான் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-லேயே, கமாண்டர் என்றால் ஒரு வருஷம், கோ-பைலட் என்றால் ஆறு மாசம் நோட்டீஸ் தர வேண்டும் என்று விதி போட்டது. ஒரு குமாஸ்தா வரவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரர் இழுத்துப் பிடிப்பார். பைலட் வரவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து வீட்டுக்குத்தான் போக வேண்டும்!

ட்ரெயினிங்கும் அப்படித்தானாம். விமானப்படையில் எவ்வளவு பறந்திருந்தாலும், சிவில் லைசென்ஸுக்கு இயக்குநரகத்தின் பரீட்சைகளை எழுத வேண்டும். பிறகு அந்தக் கம்பெனியின் விமான ரகத்துக்குத் தனிப் பயிற்சி. சிமுலேட்டரில் ஒவ்வொரு மணி நேரமும் முன்கூட்டியே பதிவு செய்தது. ஜோடி ஜோடியாகத்தான் உட்கார்த்துவார்கள். ஒருத்தர் வராவிட்டால் ஜோடியும் தவிக்கும்.

'அந்த ஜோடியும் எவனோ ஒரு பையன்தானே' என்றான் நண்பன். 'லோன் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டு, எப்ப கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருப்பான். நான் ஏப்ரல்னு போட்டா அவன் சீட்டு எனக்கு. நானும் போகமாட்டேன், அவனும் போக முடியாது.'

'பெரியவர் சொன்ன எறா' என்றேன்.

'ஆமா. அதும்பாட்டுக்குப் போய்டும்.'

வடக்கே கைகாட்டினான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் இந்தக் குப்பத்துக்காரர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பைலட்களுக்கும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இந்தப் பக்கம் வராதே என்று அறிவிப்பு வரும். 2019 ஜூலை 15-ம் தேதி விடியற்காலை சந்திரயான்-2 கிளம்பியிருக்க வேண்டும். ஜனாதிபதியே வந்து உட்கார்ந்திருந்தார். 56 நிமிஷம் இருக்கும்போது கோளாறு என்று கடிகாரத்தை நிறுத்தி, ஊரறிய ஒத்திப் போட்டார்கள். ஒரே வாரம், 22-ம் தேதி கிளம்பியது.

'அன்னிக்கு யாரும் அவங்களைப் பொய்யன்னு சொல்லலைடா' என்றான் விங் கமாண்டர். 'தேதி மாறலாம். மாறும்னு தெரிஞ்சா உடனே சொல்லணும். எனக்கு மாறும்னு இப்பவே தெரியும். அப்ப ஏப்ரல்னு எழுதினா அதுக்குப் பேர் ஒத்திப் போடறது இல்ல.'

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பாரத்தை வைத்தான். காற்று பிடுங்கியது, நான் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டேன். கட்டம் சின்னது. பொடி எழுத்தில் எழுதினான்: ஜூனில் இருபது வருட சர்வீஸ் முடிகிறது. விடுவிப்பு உத்தரவு வந்த பிறகே சேர முடியும். ஆகஸ்ட் 1-க்கு முன் இயலாது. உத்தரவு தாமதமானால் உடனே தெரிவிப்பேன்.

'எவ்வளவு நஷ்டம்டா இதுல?' என்று என் பி.காம். புத்தி கேட்டது.

'ஏப்ரல் பாட்ச் போச்சு. ஆகஸ்ட்ல பாட்ச் உண்டான்னு தெரியாது. உண்டுன்னாலும் நடுவுல சேர்றவன் எல்லாரும் எனக்கு சீனியர். நாளைக்குக் கேப்டன் ஆகறது அந்த வரிசைலதான். எனக்கு நரை வந்தப்புறம் மீசை முளைக்காத ஒருத்தன் எனக்கு கேப்டனா உக்காருவான்' என்றான். சொல்லிவிட்டுப் பேனாவை மூடினான். வீட்டுக் கடன், பிள்ளையின் காலேஜ் எல்லாம் அந்த மூடியோடு சேர்ந்து 'டக்'கென்றது.

'எல்லாருக்கும் ஒரு பாடு இருக்குல்ல. என் பாடு ஆகஸ்ட்லதான் வருது' என்றான்.

இந்தக் கட்டுரை எழுதுகிற வரைக்கும் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை.

* * *

திரும்பும்போது பெரியவர் இருந்த இடத்தில் இல்லை, வலை மட்டும் காய்ந்து கொண்டிருந்தது. ஒரு அம்மாவிடம் பேரம் பேசி ஒரு கிலோ எறா வாங்கி, ஐஸ் போட்டுக் கட்டிக் கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். மணி ஐந்தே முக்கால். பொன்னேரி பஸ் 'இதோ வந்துடும்' என்று முக்கால் மணி நேரமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

செல்போன் அடித்தது. வீடு.

'எங்க இருக்கீங்க?'

வழக்கமாக இந்தக் கேள்விக்கு என் வாய் தானாகவே, 'கிளம்பிட்டேம்மா, அரை மணியில வந்துடுவேன்' என்று சொல்லிவிடும். அன்றைக்கும் கிளம்பிவிட்டது, நாக்கு நுனி வரை. பக்கத்தில் விங் கமாண்டர் என்னையே பார்த்துக் கொண்டிருந்தான்.

'இன்னும் பஸ்ஸே வரலை. பொன்னேரியில ட்ரெய்ன் புடிச்சு, வீட்டுக்கு வர ஒன்பதரை ஆயிடும். நீங்க சாப்பிட்டுடுங்க' என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

பிறகு சந்தேகமாக ஒரு குரல் கேட்டது.

'யாருங்க பேசறது?'